2024: என் பாட்டுக் கணக்கு

முதலில் ஒரு பிழைதிருத்தம். அரசாங்க அலுவலகத்தில் 36 வருடம் எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். தப்பான ஆணை வெளியே போய்விட்டால் அதற்கு ஒரு திருத்தம் போட்டுக் கோப்பில் சேர்த்தாக வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இதே பாட்டுக் கணக்கை எழுதியபோது, "இந்தக் காலத்துப் பாடகர்களுக்கு உச்சரிப்பே கிடையாது, சகரமும் தகரமும் வாய்க்குள்ளேயே கரைந்துவிடுகின்றன" என்று வெளுத்து வாங்கியிருந்தேன். உங்களில் பலர் ஆமோதித்தீர்கள். ஒருவர் மட்டும், "ஐயா, காதை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பதில்கூடப் போடவில்லை. அவர் சொன்னதுதான் சரி. பாடகர்கள் மீது நான் சுமத்திய குற்றச்சாட்டு முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

விஷயம் வெளியே வந்தது சென்ற ஜனவரியில். ஒரு கோயில் உற்சவக் கச்சேரி. மூன்றாவது வரிசையில் இருந்தேன். வயலின் கேட்கவே இல்லை, பாட்டு ஏதோ போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. எழுந்துபோய் மைக் செட் தம்பியைப் பிடித்து நாலு வார்த்தை சொன்னேன். அந்தப் பிள்ளை பொறுமையாக, "எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு பெரியவரே" என்றான். பக்கத்தில் இருந்தவர்களைத் துணைக்கு அழைத்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் மட்டும், "நல்லாத்தானே கேக்குதுங்க" என்றார். எழுபத்திரண்டு வயதில் அத்தனை பேர் முன்னால் அப்படி நின்றது எனக்குப் புதிது.

மறு மாதம் மகள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சத்தம் புகாத ஒரு சின்ன அறை. காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு அந்தப் பரிசோதகர் பெண் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு உடனே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து திக்தே ஞாபகம் வந்துவிட்டது. வாத்தியார் நடந்துகொண்டே வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். பிரெஞ்சு மொழியில் ஒரே ஓசைக்கு நாலு விதமாக எழுத்து வரும். காதை நம்பினால் மட்டும் போதாது, இலக்கணமும் தெரிய வேண்டும். பிழைக்கு இத்தனை மார்க் என்று வெட்டுவார்கள். நான் திக்தேயில் கெட்டிக்காரன். ஆகவே அன்றைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் "காசு" என்றார். நான் "காது" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போனார்.

முடிவில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். வலக் காதுக்குச் சிவப்பில் வட்டம், இடக் காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. இடது பக்கத்தில், 250 ஹெர்ட்ஸ் கீழ்ச் சுருதிகளில், கோடு ஓரளவு நன்றாகவே இருந்தது. 2000ஐத் தாண்டியதும் கிணற்றில் வாளி இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. வயதானால் மேல் சுருதிகள்தான் முதலில் போகுமாம். ச, த, ஃப போன்ற மெல்லிய ஓசைகள் அங்கேதான் இருக்கின்றன. வயலினின் மினுக்கும் அங்கேதான். வருடக்கணக்காக எனக்குள் நடந்த இந்தக் கழிவைத்தான் நான் பாடகர்கள் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கருவியின் விலையைச் சொல்லப்போவதில்லை. என் மூன்று மாத பென்ஷன் போயிற்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, ஆட்டோவுக்குக் கொடுக்க எடுத்த ரூபாய் நோட்டு படபடவென்று சத்தம் போட்டது. நோட்டு சத்தம் போடும் என்பதே மறந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்தால் என் செருப்புச் சத்தம், ஃபேன் முனகல், குழாய்த் தண்ணீர் விழுவது எல்லாம் ஒன்றோடொன்று போட்டி போட்டன. தலைவலி வந்துவிட்டது. "தினம் எட்டு மணி நேரமாவது போட்டிருங்க ஐயா, மூளை பழகணும்" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. பாட்டுக் கேட்கும்போதும் வெளியே போகும்போதும் மட்டும் போட்டுக்கொள்வேன். மற்ற நேரம் மேஜை இழுப்பறைக்குள் டப்பாவில் இருக்கும். வீட்டில் யாரோடு என்ன பெரிய பேச்சு என்று ஒரு நினைப்பு.

இனி கணக்குக்கு வருகிறேன். புது வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: இந்த வருடம் வெளிவந்தவற்றின் பட்டியல் அல்ல இது. 1979இல் தவணை முறையில் டேப்ரெக்கார்டர் வாங்கிய நாளிலிருந்து, வருடக் கடைசியில் அந்த வருடம் என்னை அதிகம் உட்கார வைத்த பாட்டுகளை டைரியில் எழுதி வைக்கிறேன். பாட்டு எந்தக் காலத்ததாகவும் இருக்கலாம்.

இந்த வருடம் அதிக நாள் கேட்டது எம்.டி. ராமநாதனை. என் இளமையில் நாங்கள் அவரைக் கேலி செய்தவர்கள். "அவர் பல்லவியை முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும்" என்போம். மதுரை மணி ஐயர் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. ஸ்வரங்கள் சிட்டுக்குருவி மாதிரிப் பறக்க வேண்டும் எங்களுக்கு. ராமநாதனோ, ஆழக் கிணற்றின் அடியிலிருந்து வரும் குரலில், ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு, அது ஆறட்டும் என்று காத்திருப்பார். இப்போது பார்த்தால், என் வரைபடத்தில் நன்றாக இருக்கிற இடது பக்கம் முழுவதும் அவருடைய இடம். கருவி இல்லாமலே அவரைக் கேட்க முடிந்தது. காதின் வசதிக்காகத்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு மார்ச் மாதத்து மத்தியானம் அவர் சஹானா பாடக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு சொல்லுக்கு நடுவே அவர் விடுகிற இடைவெளியும் பாட்டுத்தான் என்று பட்டது. கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை இருந்த வயதில் அது தெரிந்திருக்காது. டைகர் வரதாச்சாரியாரிடம் கற்று, கலாக்ஷேத்ராவில் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்து, 1984இல் போய்விட்டார். நேரில் கேட்கும் வாய்ப்பு ஒருமுறை இருந்தும் நான் போகவில்லை.

மாலியின் புல்லாங்குழலுக்கு இந்த வருடம் இடமில்லை. குற்றம் மாலியுடையது அல்ல. காதுக் கருவி சில சமயம் தானாகவே கீச்சென்று கத்தும். அதைத் தடுக்க உள்ளே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நீளமாக, ஒரே சீராக ஒரு சத்தம் வந்தால், தான்தான் கத்துகிறோம் என்று அது நினைத்துக்கொண்டு அமுக்கப் பார்க்கும். மாலி ஒரு மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நிறுத்த, கருவி பதறிப்போய் அதன் கழுத்தைப் பிடிக்க, காதுக்குள் ஒரு குஸ்தி நடந்தது. பரிசோதகர் பெண்ணிடம் போய்ச் சொன்னபோது, பாட்டுக்கென்று தனியாக ஒரு அமைப்புச் செய்து கொடுத்தார். இப்போது பரவாயில்லை. வயலின் திரும்பிவிட்டது. லால்குடியின் வில்லில் இருக்கிற அந்த மெல்லிய உரசலைப் பத்து வருடம் கழித்துக் கேட்டேன்.

நாதஸ்வரம் வேறு கதை. ஏப்ரலில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியபோது தவில் ஏதோ தகர டப்பா மாதிரி ஒலித்தது. சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி, பெரிய சத்தத்தைத் தட்டி வைப்பது கருவியின் வேலை. தவிலைத் தட்டி வைத்தால் என்ன மிஞ்சும்? கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். தவிலும் நாயனமும் நெஞ்சில் வந்து மோதின. அன்று இரவு வீட்டில் காருக்குறிச்சி அருணாசலத்தைக் கேட்டேன். 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகியோடு அவர் வாசித்த ஆபேரி இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். அவருடைய கச்சேரிப் பதிவு ஒன்று. சீக்கிரமே போய்விட்ட மனிதர்.

மே 1ஆம் தேதி பாடகி உமா ரமணன் காலமானார். தொலைக்காட்சியில் 'நிழல்கள்' படப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். 1980இல் வந்தது, தீபன் சக்கரவர்த்தியோடு சேர்ந்து பாடியது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் அப்போது. நான் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி இழுப்பறையில். சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று உள்ளே போய்விட்டாள். அந்தப் பாட்டைப் பட்டியலில் எழுதினேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

அதே மாதம் 22ஆம் தேதி ஷார்ல் அஸ்நாவூருக்கு நூறாவது பிறந்தநாள். 'லா போயெம்' 1965இல் வந்தது. அப்போது எனக்குப் பதினாலு வயது. ஏழை ஓவியன் ஒருவன் தன் இருபது வயதை நினைத்துப் பாடுகிற பாட்டு. இருபதே ஆகாத நாங்கள் அதை உருகி உருகிப் பாடுவோம். எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், மாதா மாதம் பிரான்ஸ் பென்ஷன். அவர் வீட்டில்தான் கிராமபோன். அவருக்கு தினோ ரொஸ்ஸி என்றால் உயிர். அஸ்நாவூரைக் கேட்டால், "தொண்டை கட்டினவன் பாட்டு" என்பார். கேலியில் பாதி உண்மை உண்டு. அஸ்நாவூர் குரல் புகை படிந்த குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக் கையில் வைப்பார். இந்த வருடம் கருவியோடு கேட்டபோது, சொல்லின் கடைசி எழுத்துவரை விழுந்தது. திக்தே எழுதலாம்போல் இருந்தது. எழுதியும் பார்த்தேன். இரண்டு பிழை.

ஜூனில் பிரான்சுவாஸ் ஆர்தி போய்விட்டார். பள்ளிக்கூட நாட்களில் அவர் படம் போட்ட ஒரு பத்திரிகைப் பக்கம் பையன்களிடையே கைமாறும். அதற்கு மேல் எழுதினால் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.

ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. நம் நேரத்துக்கு விடியற்காலை மூன்று மணி ஆகப் போகிறது. மழையில் எல்லோரும் நனைந்துகொண்டிருக்கிறார்கள். கடைசியில் எஃபெல் கோபுரத்தில் செலின் தியோன் வந்து நின்று எதித் பியாஃபின் 'இம்ன் அ லாமூர்' பாட்டைப் பாடினார். உடம்பின் தசைகள் விறைத்துப்போகும் நோய் அவருக்கு. சில வருடங்களாக மேடையே ஏறவில்லை. பாட்டின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தானை நினைத்து பியாஃப் எழுதியது. செர்தான் 1949 அக்டோபரில் அவரைப் பார்க்க விமானத்தில் கிளம்பி, விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் பியாஃப் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

பாதி ராத்திரி என்பதால் கருவியைப் போட்டுக்கொண்டு, டிவி சத்தத்தை வெகுவாகக் குறைத்து வைத்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி, "சத்தமே இல்லாம என்னங்க பாக்கறீங்க?" என்றாள். எனக்கு எல்லாமே கேட்டது. சத்தத்தைக் குறைத்தும் டிவி பார்க்க முடியும் என்பது எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை நான் அத்தோடு மறந்துவிட்டேன்.

புதுசில் ஒன்று: பேத்தி சொல்லிக் கேட்டது, 'மெய்யழகன்' படத்தில் கமல் ஹாசன் பாடியது. இசை கோவிந்த் வசந்தா. பிறந்த வீட்டை விட்டுப் போகிறவனின் பாட்டு. ஒரு எழுத்து தவறாமல் புரிந்தது. மேலே சொன்ன பிழைதிருத்தத்துக்கு இதையே சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளவும்.

நவம்பர் 30ஐப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபெஞ்சல். ஒரு நாளில் 48 சென்டிமீட்டர் மழை. சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் முட்டளவு தண்ணீர், வாசற்படி வரை வந்துவிட்டது. இருட்டில் தண்ணீர் ஏறுகிற சத்தமாவது கேட்க வேண்டுமே என்ற பயத்தில் கருவியை மாட்டிக்கொண்டேன். புது பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்துப் போட்டேன். காற்றுப் பட்டதும் வேலை செய்யத் தொடங்குகிற பேட்டரி அது, ஒரு வாரம் வரும். முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னை விடவில்லை, எனக்கு முதுகுவலி.

பத்து மணிக்கு மேல் காற்று கொஞ்சம் அடங்கியது. அந்த இடைவெளியில் உள்ளேயிருந்து ஒரு பாட்டு. பக்கத்து வீட்டு ரேடியோ என்றுதான் முதலில் நினைத்தேன். உமா ரமணன் பாடின பாட்டு. வார்த்தை பாதி, முனகல் பாதி. சரணத்தில் ஒரு இடத்தில் மேலே போக முடியாமல், ஒரு படி இறக்கிக்கொண்டு சமாளித்தாள். என் மனைவி கல்யாணத்துக்கு முன் வில்லியனூரில் ஒரு டீச்சரிடம் வர்ணம் வரை கற்றவள். கொலுவுக்குப் பாடுவாள். குழந்தைகளைத் தூங்க வைக்கப் பாடுவாள். வேலை செய்யும்போது பாடிக்கொண்டே இருப்பாள். எப்போது நிறுத்தினாள்? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிடிபடவில்லை. நிறுத்திவிட்டாள் என்பதே தெரியாதவனுக்குத் தேதி எப்படித் தெரியும்?

முடிக்கும் வரை அசையாமல் இருந்தேன். பிறகு உள்ளே போய், "நீ பாடறதை எப்போ விட்டே?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். என் காதைப் பார்த்தாள். "மாட்டிட்டிருக்கீங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் விடல. நீங்கதான் கேக்கவே இல்லை" என்றாள்.

பாடும்போது கேட்கவில்லை என்றாளா, பாடு என்று கேட்கவில்லை என்றாளா தெரியவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் அது உண்மை. பியாஃபுக்கும் அஸ்நாவூருக்கும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கருவி மாட்டியவன், வீட்டில் அவள் பேசும்போது அதை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதற்கும் முன்னால் எத்தனை வருடம் ஹாலில் டிவியையும் டேப்பையும் உச்சத்தில் வைத்து ஓட்டியிருப்பேன். அந்தச் சத்தத்துக்கு நடுவே சமையலறையில் யார் வாய் திறப்பார்கள்? இதையெல்லாம் அவளிடம் சொன்னேனா என்றால், இல்லை. "தண்ணி உள்ள வரல இல்ல?" என்றாள். "வரல" என்றேன். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு மிச்சச் சாமான்களை மேலே ஏற்ற உதவினேன், முதுகுவலியோடு.

மூன்றாம் நாள்தான் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. அதுவரை கருவியைத் தூங்கும்போது தவிரக் கழற்றவில்லை. இப்போதும் அப்படித்தான். காலையில் பல் விளக்கினதும் மாட்டிக்கொள்கிறேன். கொஞ்ச நாளில் தலைவலி நின்றுவிட்டது. அந்தப் பெண் சொன்னபடி மூளை பழகிவிட்டதுபோலிருக்கிறது.

டிசம்பரில் இன்னொன்று. 16ஆம் தேதி காலையில் ஜாகிர் உசேன் மறைவுச் செய்தி. என் வயதுக்காரர், 1951. அன்று முழுவதும் பழைய 'சக்தி' குழுவின் பதிவுகள். ஜாகிரின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம். கருவி இல்லாத காலத்தில் தபலாவில் எனக்கு இடது கையின் கும்காரம் மட்டும் கேட்டிருக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது. வலது கை விரல் விளிம்பில் பட்டு எழுகிற அந்தக் கணீர், அது மேல் சுருதி. மனிதர் போன அன்றைக்குத்தான் அவரை இரண்டு கையோடும் கேட்டேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே தாளம் போட்டாள். ஒரு இடத்தில் நான் தப்பாகப் போட, என் கையைத் தட்டினாள்.

31ஆம் தேதி ராத்திரி டைரியை எடுத்து எழுதினேன். ராமநாதன், சஹானா. லால்குடி. காருக்குறிச்சி. அஸ்நாவூர். செலின் தியோன், மழையில். மெய்யழகன். சக்தி. மே மாதத்தில் எழுதின உமா ரமணன் பெயருக்குப் பக்கத்தில் பாடகர் பெயரை மாற்றி, 30-11-2024, இரவு 10.20 என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். "இதென்ன என் பேரு?" என்றாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கேன். இன்னொரு தடவை பாடேன், சரிபார்த்துடறேன்" என்றேன்.

"கரண்ட் போகட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பால் காய்ச்சப் போனாள்.